கோடாங்கி பிடித்த குடை

உடுக்கையில் அடி விழுவதற்கு முன்னாலேயே சிலிர்த்துக்கொள்ளும் நோயாளியை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். பயம் பிடித்து நம் முன்னால் வந்து உட்காருகிறவனுக்கு அடி எப்போது விழும் என்று தெரியாது. அடி விழும், பிறகுதான் உடம்பு தூக்கிப்போடும். அடி வருவதற்கு ஒரு மயிரிழை முந்தி ஒருவன் சிலிர்த்தான் என்றால் அவன் நம் தொழில்காரன் என்று அர்த்தம். அப்படி முந்திச் சிலிர்த்து மாட்டிக்கொண்டவன் நான்தான்! அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது. எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் எழுதிய கை.

கோடாங்கித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அப்படி ஒன்றும் வயசாகிவிடவில்லை. வலது தோள் மட்டும் எனக்கு முந்திக் கிழடாகிவிட்டதால் உடுக்கையை ஆணியில் மாட்டிவிட்டேன். நாலு பேர் நடுவில் நின்று பேச எனக்கு வராது. கல்யாணப் பந்தியில் இன்னொரு கரண்டி குழம்பு கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து வருகிற ஆள் நான். உடுக்கை கையில் இருந்தால் மட்டும் வாய் திறக்கும். இப்போது அதுவும் இல்லை, ஆகவே பேனா.

சாமி இறங்குவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது சாமி காரியம். பயம் தெளிய வைப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வேப்பிலை, திருநீறு, முகத்தில் அடிக்கிற தண்ணீர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தது, விட்டுவிடுகிறேன். இரண்டு விஷயம் மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு அவை வேண்டும்.

ஒன்று, 'அப்புறம்?' என்கிற கேள்வி. பயந்தவன் முதலில் சொல்வது வெளிக்கதை. நாம் அதற்குப் பதில் சொல்லக்கூடாது, ஆறுதல் சொல்லக்கூடாது. ஒரு அடி அடித்து, 'அப்புறம்?' என்று மட்டும் கேட்க வேண்டும். மல்லாங்கிணற்றிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார்கள். கறுப்பு நாய் ஒன்று ராத்திரி பகல் பாராமல் துரத்துகிறது என்றார். அப்புறம்? வேலி ஓரம் நின்று பார்த்தது. அப்புறம்? வேலி யாருடையது என்று பார்த்தால் அண்ணனுடையது. அப்புறம்? அந்த அண்ணனோடு பேச்சு வார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. 'அந்த நாய்க்கு எங்கண்ணன் மூஞ்சி' என்று சொல்லி ஓவென்று அழுதார் மனுஷன். அதுதான் உள்கதை. அது வெளியே வந்த பிறகு நாய் எங்கே போனது என்று யாரும் தேடவில்லை.

இரண்டாவது, மண். பயந்த இடத்து மண்ணைப் பயந்தவனே போய்த் தன் கையால் அள்ளி வர வேண்டும். தலையைச் சுற்றி முச்சந்தியில் போடுவோம். வீரியம் மண்ணில் இருக்கிறது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நம் ஆட்களுக்குத் தெரியும், மண்ணில் ஒன்றும் கிடையாது. எந்த இடத்தைக் கண்டு ஓடினானோ அந்த இடத்துக்குத் திரும்பப் போய்க் குனிகிறான் பாருங்கள், காரியம் அங்கே முடிந்துவிடுகிறது.

இவ்வளவும் தெரிந்த எனக்கே பயம் பிடித்தது.

இரண்டாவது உலகச் சண்டைக் காலம் அது. மண்ணெண்ணெய் கிடைக்காது, பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸு கரிப்புகையில் ஓடும். ஒரு நாள் உச்சி வெயிலில் திருச்சுழியிலிருந்து எங்கள் ஊருக்குப் பருத்திக் காட்டு வழியாக நடந்து வந்துகொண்டிருந்தேன். வடக்கே ஒரு இரைச்சல். திரும்புவதற்குள் ஏரோப்பிளேன் ஒன்று பனைமரத்தை உரசுகிற மாதிரி தாழ்ந்து வந்து தலைக்கு மேலே போனது. குப்புற விழுந்தேன். அது போய்விட்டது. நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் வாசற்படியைத் தாண்டினேன், கால் இரண்டும் நட்டுவைத்த கல் மாதிரி நின்றுவிட்டன. மேலே பார்த்தால் வானம். நம் சீமையில் வானத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? உடைமரத்துக்கு மேலே எல்லாம் வானம்தான். உள்ளே ஓடி வந்துவிட்டேன். உடுக்கையை எடுத்துப் பார்த்தேன், கை நடுங்கி அடி இடம் மாறி விழுந்தது.

வீரசோழன் கடைத்தெருவில் ஒரு பாயிடம் சொல்லியனுப்பி ஒரு பழைய குடை வாங்கினேன். ஆச்சரியம், குடையை விரித்துப் பிடித்தால் கால் நடந்தது! அன்றிலிருந்து குடையும் கையுமாக ஆனேன். மழை பெய்யாத ஊரில் குடை பிடித்துக்கொண்டு ஒருவன் போனால் விடுவார்களா?

“கோடாங்கிக்கு வந்த வாழ்வைப் பாருங்கப்பா! ஜமீன்தாரு வாராரு, எந்திரிச்சு நில்லுங்க!”

“ஏ, மாப்பிள்ளை ஊர்வலம் எந்தத் தெருவுக்குய்யா?”

நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். கேலி பரவாயில்லை. உண்மை தெரிந்தால்தான் ஆபத்து. பயம் தெளிய வைக்கிறவனுக்கே பயம் பிடித்துவிட்டது என்று ஒரு வாய் சொன்னால் போதும், அப்புறம் யார் நம் வாசலுக்கு வருவார்கள்?

இந்த நேரம் பார்த்து அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு இளவட்டம் வந்து நின்றான். தறி நெய்கிற குடும்பம், வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்துபோயிருந்தன.

“அய்யா, அன்னைக்கு டவுனு மேல ஒரு ஏரோப்பிளேன் போச்சுல்ல, அதுல பயந்துட்டா என் வீட்டுக்காரி. தறிக்குழிக்குள்ள போயி உக்காந்தவதான், ஏற மாட்டேங்கிறா. பேச்சும் இல்ல.”

தறிக்குழி என்றால், நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிப்பதற்காகத் தறிக்குக் கீழே தோண்டியிருக்கும் பள்ளம். இழுத்து வெளியே விட்டாலும் திரும்பத் திரும்ப அதற்குள்ளேயே போய் இறங்கிக்கொள்கிறாளாம்.

“பிள்ளை இருக்கா?” என்று கேட்டேன்.

“கைப்பிள்ளைய்யா. எங்கம்மாதான் பால் வாங்கி ஊத்துறாங்க. வார அமாவாசைக்குள்ள தெளியலேன்னா அவளை அவ அப்பா வீட்டுல விட்டுட்டு வந்துரணும், பிள்ளை மட்டும் இங்க இருக்கட்டும்கிறாங்க. நீங்க வந்தாத்தான்...”

அவனோடு அப்போதே புறப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நடுங்குகிற கையோடு போனால் அந்தப் பெண் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். பயத்தில் இருக்கிறவர்களுக்கு நம் கைதான் முதலில் கண்ணில் படும், தம்பிகளே, அதை மறக்காதீர்கள். 'அமாவாசைக்கு முந்தின வெள்ளிக்கிழமை வாரேன்' என்று சொல்லி அனுப்பினேன். அதற்குள் நான் தெளிய வேண்டும். நான் தெளியாவிட்டால் ஒரு தாயும் பிள்ளையும் பிரிந்துபோவார்கள்.

பாலவனத்தத்தில் ஒரு கோடாங்கி இருந்தான். என் வயசுக்காரன், போட்டிக்காரன், வாயாடி. இரண்டு பேரும் பார்த்தால் ஏலே என்றுதான் பேசிக்கொள்வோம். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, கரிபஸ்ஸைப் பிடித்து, குடையும் கையுமாக அவனிடம் போனேன். போகும்போது பயந்த இடத்து மண்ணையும் ஒரு முடிச்சாகக் கட்டிக் கொண்டுபோனேன். யார் அள்ளியது என்று கேளுங்கள்! என் வீட்டுக்காரியை அனுப்பி அள்ளி வரச் சொன்னேன். மண்ணில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தவன் நானே எதற்கு மெனக்கெட்டுப் போக வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் என் வாசலிலேயே வைத்துத் திட்டித் துரத்தியிருப்பேன்.

சாயங்காலம் வேப்பமரத்தடியில் அவன் உடுக்கையை எடுத்தான். சுற்றிலும் அவன் ஊர் ஜனம். ஆகா, என்ன கை அவனுக்கு! அடி எங்கோ கிணற்றுக்குள் விழுகிற மாதிரி ஆரம்பித்துப் படிப்படியாக ஏறி வந்தது. எனக்குப் பயம் தெளிய வேண்டும் என்பதே மறந்துபோய்விட்டது. 'இப்போது நிறுத்துவான்' என்று நினைத்தேன், நிறுத்தினான். 'இப்போது கேட்பான்' என்று நினைத்தேன், கேட்டான்.

“எங்க பயந்தே?”

“பருத்திக் காட்டுல.”

“அப்புறம்?”

“ஏரோப்பிளேன் வந்துச்சு.”

“அப்புறம்?”

'கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான், இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருக்கலாம்' என்று எனக்குள் ஒருவன் உட்கார்ந்து மார்க்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

“கீழ விழுந்தேன்.”

“அப்புறம்?”

இங்கேதான் தம்பிகளே, தொழில்காரன் புத்தி வேலை செய்தது. இந்த இடத்தில் உள்கதை வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். சுற்றி நிற்கிற ஜனமும் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. எனக்குள்ளே எட்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று சொன்னால் இத்தனை பேர் முன்னால் அவனுக்குத் தலைகுனிவு ஆகிவிடுமே என்று கூச்சமாக இருந்தது. எத்தனையோ பேரிடம் கேட்ட உள்கதைகளில் அளவு சரியாக இருந்த ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

“செத்துப்போன எங்கய்யா ஞாபகம் வந்துருச்சு!” என்று கத்தினேன்.

ஜனம் உச்சுக் கொட்டியது. உடுக்கை உச்சத்துக்குப் போனது. சரியான இடத்தில் சிலிர்த்தேன். சரியான இடத்தில் அலறினேன். முகத்தில் தண்ணீர் விழுந்தது. 'தெளிஞ்சிருச்சு, தெளிஞ்சிருச்சு!' என்று பெண்கள் குலவை போட்டார்கள். அவனைக் கும்பிட்டுவிட்டு, தலையைத் தூக்காமல் தெரு முனை வரைக்கும் சுவரோரமாகவே ஒட்டிக்கொண்டு போய், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் குடையை விரித்தேன்.

நோயாளி நம்மை ஏமாற்றுவது உண்டு, உங்களுக்கும் நடக்கும். ஆனால் வைத்தியம் செய்கிறவனுக்கு மரியாதை செய்வதற்காகத் தெளிந்துபோன மாதிரி நடிக்கிற கூத்து இருக்கிறதே, அது நம் தொழில்காரனால் மட்டும்தான் முடியும். நமக்கு ஆட்டம் முழுக்கத் தெரியும். அதனால் எங்கே உட்கார்ந்தாலும் அடிக்கிறவனாகத்தான் உட்காருகிறோம், அடி வாங்குகிறவனாக உட்காரத் தெரியாது.

மறுநாள் பொழுது ஏறுவதற்குள் அவன் எங்கள் வீட்டு வாசலில் நின்றான். கையில் உடுக்கை இல்லை. என் வீட்டுக்காரியிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான்.

“ஏலே, யாரை ஏய்க்கிற?”

“நான் என்ன ஏய்ச்சேன்?”

“அடி விழறதுக்கு முந்தியே சிலுத்துக்கிட்டியேலே! எம் பொண்டாட்டி கேக்குறா, 'என்னங்க, அவரு உங்க உடுக்கையைக் கேட்டு ஆடுறாரா, உங்க கையைப் பாத்து ஆடுறாரா'ன்னு.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“அது கிடக்கட்டும். ஒங்கய்யா எப்பலே செத்தாரு?”

நான் காலி மோர்ச் சொம்பை எடுத்து இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“போன வாரம் எங்க ஊருச் சந்தையில எங்கிட்ட பொடி வாங்கி மூக்குல போட்டுட்டுப் போனாரே, அது ஆவியா?”

உள்ளே அடுப்படியில் என் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. எங்கய்யா மல்லாங்கிணற்றில் என் தங்கச்சி வீட்டில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். அவசரத்தில் அவரைக் கொன்றுவிட்டேன்!

“ஒனக்கு உடுக்கை ஆகாதுலே” என்றான். “ஒனக்கு எல்லா அடியும் தெரியும். வா, அந்த எடத்தைக் காட்டு. நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல, பாத்துட்டுப் போறேன்.”

“இப்பவா? வெயிலு...”

“அதானே, வெயிலு. கொண்டா குடையை.”

மூலையில் இருந்த என் குடையை எடுத்து விரித்து, தன் வழுக்கைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். நான் வாசலில் நிற்கிறேன், குடை போகிறது! என்ன செய்வேன்? ஓடிப்போய் அதற்குள் நுழைந்துகொண்டேன். அவன் நடை வேகம். குடைக்குள் இருக்க வேண்டும் என்றால் அவன் வேகத்துக்கு நானும் நடக்க வேண்டும். அவன் தோளை இடித்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினேன். 'இவன் இப்படி என்னை இழுத்துக்கொண்டு போகிறான், நல்ல தந்திரம்' என்று எனக்குள் இருந்தவன் அங்கேயும் மார்க்குப் போட்டான். தெரிந்து என்ன? கால் ஓடிக்கொண்டிருந்தது.

பருத்திக் காட்டின் நடுவுக்கு வந்ததும் அவன் 'ஆத்தே!' என்று ஒரு சத்தம் போட்டு ஒற்றைக் காலில் நின்றான்.

“முள்ளுலே, முள்ளு! பிடி இதை” என்று குடையை மடக்கி என் பக்கம் எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாதத்தை மடிமேல் தூக்கி வைத்துக் குனிந்துவிட்டான்.

குடை கைக்கெட்டாத தூரத்தில் விழுந்தது. மேலே வானம். கால் கல்லானது. அப்படியே குந்திவிட்டேன். தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டேன். அவனோ முள்ளைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

“ம், சொல்லு. ஏரோப்பிளேன் வந்துச்சு, விழுந்தே. அப்புறம்?”

“எந்திரிச்சு வீட்டுக்கு வந்தேன்.”

“அப்புறம்... ச்சே, இந்த முள்ளு எங்கலே போச்சு.”

“எந்திரிக்கல.”

அதை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாய் தானாகச் சொன்னது.

“எந்திரிக்கலையா?”

“ரொம்ப நேரம் உக்காந்தே இருந்தேன்.”

“எதுக்கு?”

“வேட்டி நனைஞ்சிருச்சு.”

அவன் திரும்பவில்லை. பாதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, “அப்புறம்?” என்றான்.

“ஒருத்தன் பாத்துட்டான்.”

“இந்த ஆளில்லாத காட்டுல யாருலே பாத்தது?”

“மேல இருந்து. ஏரோப்பிளேன்ல. விழுந்த வாக்குல தலையைத் திருப்பினேன், கண்ணாடி மாட்டிக்கிட்டு ஒருத்தன், தலையைச் சாச்சு, என்னையக் குனிஞ்சு பாத்தான்.”

சொன்னதும் எனக்கு உடம்பு முழுக்கக் குப்பென்று வியர்த்தது. தம்பிகளே, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் அது எனக்கே தெரியாது! இரைச்சலுக்குப் பயந்தேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரார் நாய்க்கெல்லாம் உள்கதை கண்டுபிடித்தவனுக்கு, ஏரோப்பிளேனுக்குக் குடை எதற்கு என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. துணிக்குடை எந்தக் குண்டைத் தடுக்கும்? மேலே இருக்கிற கண்ணிலிருந்து மறைத்துக்கொள்ளத்தான் அது! குழம்பு கேட்கக் கூச்சப்படுகிறவனை, வேட்டி நனைந்த நேரம் பார்த்து ஒருவன் உச்சியிலிருந்து பார்த்துவிட்டான்.

அவன் இப்போது திரும்பினான். என்னைப் பார்த்தான். வாயை இறுக்கிப் பிடித்துப் பார்த்தான், முடியவில்லை. வெடித்துச் சிரித்தான்.

“ஏலே! அந்த வெள்ளைக்காரன் இறங்கி வந்து எங்கலே சொல்லப் போறான்? திருச்சுழித் தேரடியிலயா?”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பருத்திச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கோடாங்கிகள் விலா வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகு பார்த்தால் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பருந்து மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் ஒரு நினைப்பு வந்து நெஞ்சைப் பிடித்தது. என் வாசலில் எத்தனை பேர் மூக்கு ஒழுக, சேலை விலக, நாக்கு வெளியே தள்ளக் கிடந்திருக்கிறார்கள்! எல்லாரையும் நின்றுகொண்டு பார்த்திருக்கிறேன். அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போகும்போது என்ன நினைத்துக்கொண்டு போவார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அத்தனை நாளும் ஏரோப்பிளேனில் இருந்தவன் நான்.

“சரி, மண்ணை அள்ளு” என்றான்.

“மண்ணுல ஒண்ணும் இல்லேன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியுமேலே.”

“தெரிஞ்சா என்ன? சோத்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சுகிட்டா திங்குறே? அள்ளுலே.”

அள்ளினேன். கரிசல் மண், வெயிலில் சுட்டுப்போய், காய்ந்த பருத்தி இலைத் தூளோடு உள்ளங்கையை நிறைத்தது. கால் நடுங்கவில்லை. அதில் ஒன்றும் இல்லை என்று தெரியும். ஆனாலும் ஊர் வருகிற வரைக்கும் விரலை விரிக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த முள் நிஜ முள்தானா என்று பின்னால் எத்தனையோ தடவை அவனிடம் கேட்டேன். 'நீ எங் காலைப் பாத்தியாலே?' என்று திருப்பிக் கேட்பான். நான் பார்க்கவில்லை. அவன் உடுக்கை எடுத்தபோது ஒவ்வொரு அடியையும் பார்த்தவன், முள்ளைப் பார்க்கவில்லை. அதனால்தான் தெளிந்தேன் என்று நினைக்கிறேன். நமக்குத் தெரிந்த வழியில் மருந்து வந்தால் வாசலிலேயே நிறுத்திப் பேச்சுக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவோம். உங்களில் யாருக்காவது இந்தக் கோளாறு வந்தால், உங்களைவிடக் கெட்டிக்காரனைத் தேடாதீர்கள். உங்களைப் பார்த்துச் சிரிக்கக் கூச்சப்படாதவனைத் தேடுங்கள்.

குடையை அவனே கொண்டுபோய்விட்டான். வீட்டுக்கு வந்து, தயங்கித் தயங்கி என் வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவே இல்லை.

“எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே.”

“எப்படித் தெரியும்?”

“அந்த வேட்டியைத் துவைச்சது யாராம்?”

“அப்ப ஏன் நீ ஒண்ணும் கேக்கல?”

“நீங்களா சொல்லுவீகன்னு இருந்தேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை குடை இல்லாமல் கரிபஸ்ஸில் ஏறினேன். மேட்டில் வண்டி இழுக்கவில்லை. எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னார்கள். திறந்த வானத்துக்குக் கீழே நின்று பஸ்ஸைத் தள்ளிக்கொண்டே எனக்கு ஒரே குஷி!

அருப்புக்கோட்டையில் அந்த வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. மாமியார்க்காரி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் இரண்டு தறி. உள்தறியின் குழிக்குள் அந்தப் பெண் இருந்தாள். தலையும் தோளும்தான் வெளியே தெரிந்தன. பாதி நெய்த சேலை அவளுக்கு முன்னால் தூசி படிந்து கிடந்தது. இருபது வயசுகூட இருக்காது.

நான் வாசலில் தயங்கி நின்றேன்.

“என்ன கோடாங்கி, மத்தவுக எல்லாம் தெரு முனையிலேயே உடுக்கையை அடிச்சுக்கிட்டு வருவாக. நீங்க பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீக?” என்றாள் மாமியார்.

ஜனம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. வழக்கப்படி உடுக்கையைத் தூக்கினேன். அந்தப் பெண்ணின் கண் உடுக்கைக்குப் போகவில்லை, எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற தலைகளுக்குப் போயிற்று. தோளைக் குறுக்கிக்கொண்டு இன்னும் ஒரு சாண் உள்ளே இறங்கினாள். எனக்குச் சுரீர் என்றது. இது எனக்குத் தெரிந்த குறுகல்! குடைக்குள் நான் குறுகின குறுகல்!

உடுக்கையைத் தரையில் வைத்தேன்.

“எல்லாரும் வெளிய போங்க” என்றேன்.

“உடுக்கை அடிக்காம என்ன தெளிய வைப்பீக?”

“அடிக்கிறப்ப அடிப்பேன் தாயி. வெளிய போங்க.”

முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் கதவுக்கு வெளியே காது எல்லாம் அங்கேயேதான் இருந்தது, அது எனக்குத் தெரியும். அவள் புருஷன் மட்டும் சுவரோரம் நின்றான். நான் எங்கே உட்காருவது என்று பார்த்தேன். தரையில் உட்கார்ந்தாலும் அவளைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். பக்கத்துத் தறிக் குழி காலியாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்குள் இறங்கினேன். இப்போது அவள் தலையும் என் தலையும் ஒரே மட்டம்.

“தாயி, அந்த ஏரோப்பிளேனை நானும் பாத்தேன்” என்றேன்.

அவள் கண் லேசாகத் திரும்பியது.

“பருத்திக் காட்டுல வந்துக்கிட்டிருந்தேன். தலைக்கு மேல வந்துருச்சு. கீழ விழுந்துட்டேன்.”

அதோடு நின்றுவிட்டேன். மேலே சொல்ல வரவில்லை. கதவுக்கு வெளியே ஒரு தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த வார்த்தையைச் சொன்னால் நாளைக்குத் திருச்சுழி வரைக்கும் போகும். பயம் தெளிய வைக்கிறவனின் பிழைப்பு அதோடு சரி. சொல்லாவிட்டாலோ, நான் மறுபடியும் ஏரோப்பிளேனில் ஏறிக்கொண்டவன் ஆவேன். உடுக்கை மேலே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து நாலு அடி அடித்தால் என் மானம் தப்பிக்கும். குழிக்குள் என் கால் கல்லாகத் தொடங்கியது. வெளியே பிள்ளை சிணுங்கியது.

அவள் உதடு அசைந்தது. பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல், தூசி தட்டிய மாதிரி கரகரவென்று வந்தது.

“அப்புறம்?”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் நான் கேட்ட கேள்வி! என்னிடம் அதைக் கேட்டு, பதிலுக்காக ஒருத்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“அப்புறம் என்ன தாயி, வேட்டி நனைஞ்சுபோச்சு” என்றேன். “காயுற வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தேன்.”

கதவுக்கு வெளியே 'அய்யய்யே' என்று ஒரு குரலும், அதற்குப் பின்னால் பெரிய சிரிப்பும் எழுந்தன. அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று பயந்துபோனேன். சிரித்தாள்! சிரிப்பு அடங்கிய பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புருஷன் பக்கம் திரும்பி அவர்கள் வீட்டுப் பாஷையில் என்னவோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. அவன் கதவைத் திறந்துகொண்டு ஓடினான். திரும்பி வரும்போது அவன் கையில் பிள்ளை இருந்தது.

பிள்ளையை வாங்குவதற்காக அவள் கையை ஊன்றிக் குழியை விட்டு மேலே ஏறினாள். நான் இன்னும் குழிக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைக் குனிந்து பார்த்தாள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.